150 அங்குல மான் என்றால் என்ன?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பேசிக்கொள்வதை முதல்முறை கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். "அந்த ஓடைப் பக்கம் ஒரு 150 அங்குல மான் சுற்றுகிறது" என்பார்கள். 150 அங்குலம் என்றால் பன்னிரண்டரை அடி. அவ்வளவு நீளத்தில் மான் கிடையாது, அவ்வளவு நீளத்தில் கொம்பும் கிடையாது. அந்த எண் ஒரு கூட்டுத்தொகை. கொம்பின் பல பாகங்களைத் தனித்தனியாக நாடா வைத்து அளந்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது. நம் ஊரில் பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சொல்வதுபோல, அங்கே மானுக்கு அந்த ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றது புரிந்துவிடும்.

அந்த எண் எப்படி வருகிறது, அதன் மேல் ஏன் இத்தனை அக்கறை என்பதை மெதுவாகப் பார்ப்போம். நான் வேட்டையாடுபவன் அல்ல. ஆனால் விலங்குகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த அளவுமுறை என்னை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் கொம்பு பற்றி ஓர் அடிப்படை. தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் 'கொம்பு' என்ற ஒரே சொல்தான். உண்மையில் இரண்டும் வேறு வேறு பொருள்கள். மாட்டுக் கொம்பு, ஆட்டுக் கொம்பு, நம் காட்டு இரலையின் முறுக்குக் கொம்பு எல்லாம் உள்ளே எலும்பும் மேலே நகம் போன்ற உறையும் கொண்டவை. வாழ்நாள் முழுக்க விழாமல் வளரும். புள்ளிமான், கடமான், அமெரிக்காவின் வெண்வால் மான் ஆகியவற்றின் கிளைக் கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. ஒவ்வொரு வருடமும் விழுந்து, மறுபடி முளைக்கும். வெண்வால் மானுக்கு வசந்தத்தில் முளைவிட்டு, கோடை முழுக்க வெல்வெட் போன்ற மெல்லிய தோலுக்குள் ரத்த ஓட்டத்தோடு வளர்ந்து, கோடை முடியும்போது அந்தத் தோல் காய்ந்து உரிந்துவிடும். இனச்சேர்க்கைக் காலம் முடிந்து குளிர் ஏறிய பிறகு இரண்டு கொம்பும் கழன்று விழும். ஆண் மானுக்குத்தான் கொம்பு. கலைமான் எனப்படும் ரெயின்டியர் இனத்தில் மட்டும் பெண்ணுக்கும் உண்டு.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு கொம்பின் அளவு மூன்று காரணங்களைப் பொறுத்தது: வயது, தீனி, பரம்பரை. ஒன்றரை வயது மானுக்கு வெறும் இரண்டு குச்சிகள்கூட இருக்கலாம். அதே மான் ஐந்து, ஆறு வயது வரை உயிரோடு இருந்து நல்ல மண்ணில் மேய்ந்தால் கிரீடம் வைத்ததுபோல் நிற்கும். ஆகவே ஒரு வட்டாரத்தில் பெரிய கொம்புகள் தென்படுகின்றன என்றால், அங்கே ஆண் மான்கள் முதிரும் வரை வாழ்கின்றன, மண்ணில் சத்து இருக்கிறது என்று அர்த்தம். அளவுமுறையை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்ததும் இதுதான்.

அவர்கள் யார் என்றால், பூன் அண்ட் கிராக்கெட் கிளப். 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட், ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் இருவரும் முன்னின்று தொடங்கியது. பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே ரூஸ்வெல்ட்தான். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். காட்டெருமை அநேகமாக அழிந்துவிட்டது. 1900 வாக்கில் வெண்வால் மான் நாடு முழுவதும் சேர்த்தே சுமார் ஐந்து லட்சம்தான் மிச்சம் என்று கணக்கிடுகிறார்கள். சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதன் விளைவு. இந்த விலங்குகள் இனி இருக்கப்போவதில்லை என்று படித்தவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் 1922-ல் தலைகளுக்கும் கொம்புகளுக்கும் என்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். உலகில் மறைந்துவரும் பெருவிலங்குகளின் நினைவாக என்று அதன் முகப்பில் எழுதி வைத்தார்கள். அதாவது அது ஓர் அஞ்சலி மண்டபம். முதல் பதிவுப் புத்தகம் 1932-ல் வந்ததும் அதே எண்ணத்தில்தான்: போவதற்குள் அளந்து எழுதி வைத்துவிடுவோம்.

ஆனால் மான் போகவில்லை. சட்டங்கள் வந்தன, சந்தை வேட்டை நின்றது, இன்று அமெரிக்காவில் வெண்வால் மான் சுமார் மூன்று கோடி. மீண்டுவரும் கூட்டத்தை ஒழுங்காகக் கணிக்க ஒழுங்கான அளவுகோல் வேண்டும் என்று சாமுவேல் வெப் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. 1950-ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட முறைதான் இன்றும் அடிப்படை.

சரி, அளந்து பார்ப்போம். மேசை மேல் மண்டை ஓட்டோடு ஒரு ஜோடிக் கொம்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில், மண்டையோடு சேரும் இடத்தில், கரடுமுரடாக ஒரு வளையம். அதிலிருந்து பின்னால் சாய்ந்து, அப்புறம் முன்னோக்கி வளைந்து போவது தாய்த்தண்டு. தாய்த்தண்டின் மேல் வரிசையாக நிமிர்ந்து நிற்பவை கிளைகள். நெற்றிக்கு மேலே முளைக்கும் குட்டைக் கிளை முதலாவது. அநேகமாக இரண்டாவதோ மூன்றாவதோதான் மிக உயரம்.

கால் அங்குல அகலமுள்ள இரும்பு நாடாவும், வளைவில் ஓட்டிப் பார்க்க மெல்லிய இரும்புக் கம்பியும் போதும். எல்லா அளவும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில். ஒவ்வொரு பக்கமும் தாய்த்தண்டின் நீளத்தை வெளிவளைவு வழியாக, அடி வளையத்திலிருந்து நுனி வரை எடுக்க வேண்டும். கிளை எங்கே தண்டிலிருந்து பிரிகிறது என்பதில்தான் சண்டை வரும். அதனால் தண்டின் மேல்விளிம்பு கிளை இல்லாமல் இருந்தால் எப்படிப் போயிருக்குமோ அந்தக் கோட்டைப் பென்சிலால் போட்டு, அங்கிருந்து கிளையின் நுனி வரை அளப்பார்கள். பிறகு தண்டின் சுற்றளவு, நான்கு இடங்களில்: அடி வளையத்துக்கும் முதல் கிளைக்கும் நடுவே எங்கே மிக ஒல்லியோ அங்கே, அடுத்தடுத்த கிளைகளுக்கு நடுவே அதேபோல. கடைசியாக இரண்டு தாய்த்தண்டுகளுக்கும் இடையிலான உள் அகலம். இந்த அகலம் நீளமான தண்டின் அளவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மதிப்பெண் கிடையாது.

கொம்பில் துருத்திக்கொண்டிருக்கும் எல்லாமே கிளை ஆகிவிடாது. ஓர் அங்குல நீளமாவது இருக்க வேண்டும். அகலத்தைவிட நீளம் அதிகமாக இருக்க வேண்டும். பழைய வேட்டைக்காரர்கள் ஒரு மோதிரத்தை மாட்டிப் பார்த்து, விழாமல் தொங்கினால் அதுவும் ஒரு முனை என்று எண்ணிவிடுவார்களாம். எனக்கு அந்த மோதிரக் கணக்கு பிடித்திருக்கிறது, ஆனால் பதிவுப் புத்தகத்துக்கு அது செல்லாது.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். வலது தாய்த்தண்டு 24 அங்குலம். நான்கு கிளைகள்: 5, 10, 9, 4. நான்கு சுற்றளவுகளும் சேர்ந்து 16. வலது பக்கம் 68. இடது தண்டு 23. கிளைகள் 5, 9, 9, 2. சுற்றளவுகள் அதே 16. இடது பக்கம் 64. உள் அகலம் 18. எல்லாம் சேர்ந்தால் 150. இதுதான் மொத்த மதிப்பெண். ஓடைப் பக்கம் சுற்றுகிற 150 அங்குல மான் இவன்தான்.

ஆனால் கிளப் இதோடு விடாது. இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தண்டில் ஓர் அங்குலம் வித்தியாசம், இரண்டாம் கிளையில் ஒன்று, நான்காம் கிளையில் இரண்டு; ஆக நான்கைக் கழித்தால் 146. இது நிகர மதிப்பெண். போதாததற்கு, நெற்றிக் கிளையின் அடியில் பக்கவாட்டில் மூன்று அங்குலத்துக்கு ஒரு குச்சி முளைத்திருக்கிறது என்று வையுங்கள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத அந்தக் குச்சி 'இயல்பற்ற முனை'. அதையும் கழிப்பார்கள்: 143. ஒரு மான் கூடுதலாக வளர்த்த எலும்பே அதன் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. தாறுமாறாகக் கிளைத்த கொம்புகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அங்கே அந்த மூன்று அங்குலத்தைக் கழிக்காமல் கூட்டுவார்கள்.

வேட்டைக்காரர்களுக்கு இதில்தான் பெரிய ஆதங்கம். நிகர மதிப்பெண்ணை ஆங்கிலத்தில் 'நெட்' என்பார்கள். வலைக்கும் அதே சொல். "நெட் என்பது மீன் பிடிக்க" என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. மான் வளர்த்ததை மானுக்கே தர வேண்டும், கழிக்க நாம் யார் என்பது அதன் உட்பொருள். நான் அவர்கள் பக்கம்தான். ஒரு மான் சண்டையில் ஒரு கிளையின் நுனியை உடைத்துக்கொண்டால், உடைந்த நீளம் கிடைக்காமல் போவதோடு, மறுபக்கத்தில் முழுசாக இருக்கும் கிளையோடு உள்ள வித்தியாசத்துக்காகவும் கழிவு விழும். இரட்டை அடி. கிளப்பின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன்: அந்த இனம் இயல்பாக, ஆரோக்கியமாக வளர்ந்தால் எப்படி இருக்குமோ அந்த வடிவத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை அவர்கள் அளக்கிறார்கள். அப்படி யோசித்தால் சமச்சீருக்கு ஓர் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் கருத்து வேற்றுமையால்தான் வேறு முறைகளும் வந்தன. சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் கழிப்பதே இல்லை. பக்மாஸ்டர்ஸ் முறையும் கழிக்காது. கூடவே உள் அகலத்தையும் கூட்டாது, ஏனென்றால் அது காற்று, கொம்பு அல்ல என்பது அவர்கள் வாதம். வில்வேட்டைக்காரர்களுக்கு 1961-ல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப் இருக்கிறது. அது பூன் அண்ட் கிராக்கெட் அளவுமுறையையே எடுத்துக்கொண்டு கட்-ஆஃபை மட்டும் குறைத்தது. ஒழுங்காகக் கிளைத்த வெண்வால் மானுக்கு அங்கே 125 போதும். பூன் அண்ட் கிராக்கெட்டின் நிரந்தரப் பட்டியலுக்கு 170 வேண்டும். நம்முடைய 143 மான் அம்பில் விழுந்திருந்தால் ஒரு புத்தகத்தில் ஏறும். துப்பாக்கியில் விழுந்திருந்தால் இந்த இரண்டிலும் ஏறாது.

ஐரோப்பா வேறு உலகம். அங்கே சிஐசி என்ற சர்வதேச அமைப்பின் முறையில் சிவப்பு மானின் கொம்பைத் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள், ரோ மானுக்குக் கொம்பின் கன அளவும் உண்டு, நிறத்துக்கும் அழகுக்கும் தனி மதிப்பெண் போட்டு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் கொடுப்பார்கள்.

அதிகாரபூர்வமாக அளப்பதற்குக் கொம்பு அறுபது நாள் காய வேண்டும். ஈரம் போகப் போகக் கொம்பு கொஞ்சம் சுருங்கும் என்பதால் இந்த விதி. அளப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். மண்டை ஓடு நடுவில் பிளந்திருந்தால் ஏற்கவே மாட்டார்கள், அகலத்தை எப்படி வேண்டுமானாலும் இழுத்து வைத்துவிடலாம் என்பதால். வேலியடைத்த பண்ணையில் வளர்ந்த மானுக்கும் இடமில்லை. தப்பி ஓட வழியுள்ள காட்டு விலங்காக இருக்க வேண்டும் என்பது அவர்களின் முதல் நிபந்தனை.

முனைகளை எண்ணுவதிலும் ஓர் உள்ளூர்ச் சிக்கல் உண்டு. கிழக்கு மாநிலங்களில் இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணி 'எயிட் பாயிண்டர்' என்பார்கள். மேற்கில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் பெரும்பாலும் நெற்றிக் கிளையை விட்டுவிட்டு எண்ணுவார்கள். விஸ்கான்சின்காரரின் எட்டு, கொலராடோகாரருக்கு மூன்று.

இப்போது முக்கியக் கேள்வி. வேட்டைக்காரர்கள் இதற்கு உண்மையில் எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்? எதற்காக வேட்டைக்குப் போகிறீர்கள் என்று அமெரிக்காவில் கேட்டெடுத்த ஆய்வுகளில் இறைச்சிக்காக, பொழுதுபோக்குக்காக, குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருப்பதற்காக என்ற பதில்களே அதிகம். பெரிய கொம்புக்காக என்று சொன்னவர்கள் மிகச் சொற்பம். அது பொய்யல்ல. ஒரு மான் விழுந்தால் குளிர்பெட்டி நிறையும். மாதக்கணக்கில் வீட்டுக்கு இறைச்சி. ஆனாலும் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை முனை?" என்பதுதான். வேட்டைப் பருவம் முடிந்து நடக்கும் கண்காட்சிகளில், போன வருடக் கொம்பைக் கையில் ஏந்திக்கொண்டு அளப்பவர் மேசை முன் வரிசையில் நிற்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. இறைச்சி தீர்ந்துபோகும். அந்தக் காலை, அந்தப் பனி, உடன் வந்த அப்பா, இதெல்லாம் சுவரில் மாட்டிய கொம்பில் மிஞ்சியிருக்கும். எண் அந்த நினைவுக்கு ஒரு கைப்பிடி.

அந்த எண் வேட்டையாடும் விதத்தையே மாற்றியும் இருக்கிறது. 1980களின் கடைசியில், ஆண்டுதோறும் சுடப்பட்ட கொம்புள்ள மான்களில் பாதிக்கு மேல் ஒன்றரை வயதுக் குட்டிப் பையன்கள்தான். இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. சின்னதை விட்டுவிடு, வளரட்டும் என்ற பழக்கம் பரவியதே முதல் காரணம். சில மாநிலங்கள் இதைச் சட்டமாகவே ஆக்கின. பென்சில்வேனியா 2002-ல், ஒரு பக்கத்தில் குறைந்தது இத்தனை முனை இருந்தால்தான் சுடலாம் என்று விதி கொண்டுவந்தது.

மிசிசிப்பி அதற்கும் முன்பே, 1995-ல், மொத்தம் நான்கு முனை இருக்க வேண்டும் என்றது. அங்கே எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒன்றரை வயதிலேயே நான்கு முனை முளைத்துவிட்ட, நன்றாக வளரக்கூடிய இளம் மான்கள் சட்டப்படி சுடத் தகுந்தவை ஆகிவிட்டன. அதே வயதில் இரண்டு குச்சிகளோடு நின்றவை தப்பின. நாற்றங்காலில் செழித்த நாற்றை எல்லாம் பிடுங்கிவிட்டு நோஞ்சான் நாற்றை நடுவதுபோல. அப்புறம் மாநிலம் முனை எண்ணுவதை விட்டுவிட்டு, பெரும்பாலான பகுதிகளுக்கு உள் அகலம் 10 அங்குலம் அல்லது தாய்த்தண்டு 13 அங்குலம் என்று மாற்றியது. முனை எண்ணிக்கை வயதைச் சரியாகக் காட்டாது, தண்டின் நீளமும் அகலமும் ஓரளவு காட்டும். எதை அளக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒஹையோ மாநிலம் இன்னும் ஒருபடி மேலே போனது. திருட்டு வேட்டையில் மாட்டிக்கொண்டால் கொம்பின் மொத்த மதிப்பெண்ணை வைத்தே இழப்பீடு கணக்கிடுகிறார்கள். 125 அங்குலத்தைத் தாண்டிய மான் என்றால், மதிப்பெண்ணிலிருந்து 100-ஐக் கழித்து, மிச்சம் வரும் எண்ணை அதே மிச்சத்தால் பெருக்கி, பிறகு 1.65 டாலரால் பெருக்க வேண்டும். நம் 150 அங்குல மானுக்கு 4,125 டாலர். 200 அங்குலம் என்றால் 16,500 டாலர். சுவரில் மாட்ட ஆசைப்பட்டுத் திருடியவருக்கு, அவர் ஆசைப்பட்ட அந்த எண்ணே தண்டனை ஆகிறது.

எண் பெரிதானால் பணமும் பெரிதாகும். டெக்சஸ் போன்ற இடங்களில் உயரமான வேலிக்குள் மானை வளர்த்து, இனம் பார்த்துச் சேர்த்து, மதிப்பெண்ணுக்கு ஏற்ற கட்டணத்தில் சுட விடுகிறார்கள். கழுத்து தூக்க முடியாத அளவுக்குக் கொம்பு வளர்ந்த படங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வயதும் மண்ணும் சொல்ல வேண்டிய கதையை அந்தக் கொம்பு சொல்வதில்லை.

நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் நம் புள்ளிமானும் கடமானும் லண்டனின் ரோலண்ட் வார்ட் பதிவுப் புத்தகத்தில் அளந்து ஏற்றப்பட்டவைதான். இன்று காட்டுப் பக்கம் போகிறவர்கள் உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட எடுத்துவர வேண்டாம். வீட்டில் வைத்திருப்பதே வழக்கில் முடியலாம்.

கடைசியாக மூன்று கொம்புகளைச் சொல்லி முடிக்கிறேன். 1914-ல் விஸ்கான்சினின் டான்பரி அருகே ஜேம்ஸ் ஜோர்டன் என்பவர் ஒரு மானைச் சுட்டார். தலையைப் பதப்படுத்தக் கொடுத்தார். வாங்கியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், தலையும் போய்விட்டது. பல பத்தாண்டுகள் கழித்து மின்னசோட்டாவில் பழைய சாமான் விற்பனை ஒன்றில் அதே கொம்பு 3 டாலருக்கு விலை போனது. அளந்தபோது 206 1/8, ஒழுங்காகக் கிளைத்த வெண்வால் மானில் உலக சாதனை. தன் மான் இதுதான் என்று ஜோர்டன் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கிளப் அதை ஏற்றுக்கொண்டது 1978 டிசம்பரில். ஜோர்டன் அதே வருடம் அக்டோபரில் இறந்துவிட்டார்.

அந்தச் சாதனையை 1993 நவம்பரில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், பிக்கர் என்ற ஊர்ப்பக்கம், மைலோ ஹான்சன் என்ற விவசாயி சுட்ட மான் முறியடித்தது. 213 5/8. இன்னும் அந்த இடத்தை எதுவும் பிடிக்கவில்லை.

மூன்றாவது கொம்பை யாரும் சுடவில்லை. 1981-ல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்ட்டியில், ஒரு வேலியோரம், இயற்கையாக இறந்து கிடந்த மான் அது. தாறுமாறாகக் கிளைத்த 44 முனைகள். மதிப்பெண் 333 7/8. வேட்டைக்காரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுத ஆளில்லை. உரிமையாளர் மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை. ஆனாலும் கிளப் அதை அதே நாடாவால் அளந்து, அந்தப் பட்டியலின் முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறது.